ஏற்காடு ஏறும் முன் ‘த்ரோ அப்’ தெரிய வேண்டும்

“கிட் இஸ் த்ரோயிங் அப். புல்லிங் ஓவர் அட் 9த் பெண்ட். ஈடிஏ 3. எல்எம்கே இஃப் லஞ்ச் கிளோசஸ் பி4 தட்.”

மே மாதம் ஏற்காட்டில் ஒரு லாட்ஜ் வரவேற்பு மேசையில் உட்கார்ந்திருந்தால் இப்படி ஒரு வாட்ஸ்அப் வராமல் இருக்காது. ஈடிஏ என்றால் வந்து சேரும் உத்தேச நேரம். எல்எம்கே என்றால் ‘லெட் மீ நோ’. பி4 ‘பிஃபோர்’. கூகுளில் போட்டால் மூன்றும் ஒரு நிமிஷ வேலை. ஆள் சறுக்குவது மற்ற இரண்டில்தான். த்ரோ என்றால் எறிவது, அப் என்றால் மேலே. குழந்தை எதையோ மேலே தூக்கி எறிகிறது போல என்று விட்டுவிடுவார். குழந்தை வாந்தி எடுக்கிறது! ‘புல் ஓவர்’ என்றால் வண்டியை ஓரங்கட்டுவது. இருபது கொண்டை ஊசி வளைவு உள்ள பாதையில் வண்டி ஓட்டுகிறவரும் விடுதி நடத்துகிறவரும் முதலில் கற்க வேண்டிய ஆங்கிலம் இந்த இரண்டும்தான்.

ஆனால் நம் பிள்ளைகள் மனப்பாடம் செய்வதென்னவோ சுருக்கங்களின் பட்டியலை. என் கருத்து இது: சுருக்கங்களைப் படிக்கத் தெரிந்தால் போதும், எழுத வேண்டாம். ‘த்ரோ அப்’, ‘புல் ஓவர்’ மாதிரி வினையோடு ஒரு குட்டிச் சொல் சேர்ந்து வேறு பொருள் தரும் பிரேசல் வெர்ப் அப்படியல்ல, அது வாயில் வர வேண்டும்.

சுருக்கம் பட்டன் போன் காலத்து மிச்சம். ஒரு எஸ்எம்எஸ்ஸில் 160 எழுத்துக்குத்தான் இடம். தமிழில் அடித்தால் 70. எஸ் என்ற ஒரு எழுத்துக்கு 7ஆம் பட்டனை நாலு தடவை அமுக்க வேண்டும். ‘ப்ளீஸ்’ முழுசாக அடிக்க 13 அமுக்கு, ‘பிஎல்எஸ்’ என்றால் 8. விரலும் மிச்சம், காசும் மிச்சம். இன்றைய போனில் இரண்டு எழுத்து தட்டியதும் முழு வார்த்தை மேலே வந்து நிற்கிறது. அப்புறமும் எதற்கு அந்தக் கஞ்சத்தனம்?

கெடுதலும் உண்டு. வாடிக்கையாளருக்கு ‘ஏஎஸ்ஏபி’ (முடிந்தவரை சீக்கிரம்) என்று அனுப்பினால் அதட்டுவது மாதிரி இருக்கும். ‘ஓகே’வுக்கு வெறும் ‘கே’ என்று பதில் போட்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டது மாதிரி. துக்கச் செய்திக்கு ‘லாட்ஸ் ஆஃப் லவ்’ என்று நினைத்து ‘எல்ஓஎல்’ போட்டால் கதை முடிந்தது, அது சிரிப்பு. சேலம் செவ்வாய்ப்பேட்டை வெள்ளிக் கொலுசுப் பட்டறைக்கு லண்டனிலிருந்து ‘சாம்பிள் போட்டோ பை ஈஓடி’ (எண்ட் ஆஃப் டே) என்று வந்தால், யாருடைய நாள் முடிவு? அங்கே மாலை 6 என்றால் குளிர்காலத்தில் நமக்கு இரவு 11.30. ‘பை வாட் டைம், இந்தியன் டைம்?’ என்று முழு வார்த்தையில் கேட்டுவிடுவது நல்லது.

இப்போது பிரேசல் வெர்ப். நம்ம ஊர் தட்டுவடை செட் மாதிரிதான். தட்டுவடையைத் தனியாக, பீட்ரூட் துருவலைத் தனியாக, சட்னியைத் தனியாகத் தின்றால் அது செட் இல்லை. ‘புட்’டையும் ‘ஆஃப்’பையும் பிரித்துப் பொருள் தேடுவதும் அப்படித்தான். தமிழில் லைட்டைப் போடுகிறோம், கையெழுத்துப் போடுகிறோம், சண்டை போடுகிறோம், ஆடு குட்டி போடுகிறது. ‘போடு’வுக்கு ஒரே அர்த்தம் என்று யாராவது அடம்பிடிக்கிறோமா?

பணம் புரளும் இடத்தில் இது விளையாட்டல்ல. ‘வி ஹாவ் டு கால் ஆஃப் தி ட்ரிப்’ என்றால் பயணம் ரத்து. அறையை வேறு ஆளுக்குக் கொடுக்கலாம், அட்வான்ஸ் பற்றிப் பேச வேண்டும். ‘புட் ஆஃப்’ என்றால் தள்ளிப்போடுகிறார்கள். புதுத் தேதி கேட்க வேண்டும். இரண்டிலும் ‘ஆஃப்’ இருக்கிறது என்று குழப்பினால் ஒரு வாரக்கடைசி வாடகை போச்சு.

அதிகம் பேர் தவறுவது வார்த்தை வரிசையில். ‘பிக் அப் மை மதர்’, ‘பிக் மை மதர் அப்’ இரண்டும் சரி. மீ, ஹிம், இட் வந்தால் நடுவில்தான் உட்காரும்: ‘பிக் மீ அப் அட் ஃபைவ் ரோட்ஸ்.’ ‘பிக் அப் மீ’ தப்பு. அப்-பையே விட்டுவிட்டு ‘ஐ வில் பிக் யூ’ என்றால் ‘உன்னைத் தேர்ந்தெடுப்பேன்’ என்றாகிவிடும். ஐந்து ரோட்டில் நிற்கிறவருக்கு என்ன தேர்வு வேண்டிக்கிடக்கிறது? ‘லுக் ஆஃப்டர்’ (பார்த்துக்கொள்வது) மாதிரி சில ஜோடிகள் பிரியவே பிரியாது: ‘லுக் ஆஃப்டர் ஹிம்’ மட்டும்தான். எது பிரியும், எது பிரியாது என்பதைக் கற்போருக்கான அகராதியே காட்டும். ‘எஸ்பி’ என்று போட்டிருந்தால் ‘சம்படி’, ‘எஸ்டிஹெச்’ என்றால் ‘சம்திங்’. அது நடுவில் நிற்கிறதா, கடைசியிலா என்று பாருங்கள். (சுருக்கத்துக்கு நான் மனமார ஒப்புக்கொள்ளும் உபயோகம் இது ஒன்று.)

உச்சரிப்பில் ஒரு நுணுக்கம். வினையாகச் சொன்னால் அழுத்தம் பின்னால்: ‘செக் இன்’னில் இன் ஓங்கும். ‘செக்-இன் டைம்’ என்று பெயராக வந்தால் செக் ஓங்கும்.

அப்புறம், ‘ஐ பாஸ்டு அவுட் இன் 2019’ நம்மூரில் பட்டம் வாங்கியது, வெளிநாட்டுக்காரர் காதில் மயங்கி விழுந்தது. ‘கிராஜுவேட்டட்’ என்று சொல்லிவிடுங்கள். சமாளிப்பதற்கு ‘கோப் அப் வித்’ கிடையாது, ‘கோப் வித்’ மட்டும்.

மேலே வந்த செய்திக்குப் பதில்: “ஸாரி டு ஹியர் தட். ஹோப் தி லிட்டில் ஒன் ஃபீல்ஸ் பெட்டர் சூன். கிச்சன் இஸ் ஓப்பன் டில் 3.30, ப்ளீஸ் டேக் யுவர் டைம்.” குழந்தையை விசாரித்துவிட்டு அப்புறம்தான் சாப்பாட்டு நேரம்.