"பழகிக்கோங்க"ன்னா எப்படின்னும் சொல்லுங்கய்யா

காதுல ஙொய்ய்ங்னு சத்தம் கேக்குதுன்னு யார்கிட்டயாவது சொன்னா போதும், "எனக்கு ஒண்ணும் கேக்கலையே"ம்பாங்க. உங்களுக்கு எப்படிங்க கேக்கும், அது என் காது! அப்புறம் ஆளாளுக்கு வைத்தியம், எண்ணெய காய்ச்சி ஊத்து, பட்ஸ் விட்டு நல்லா குடை... பட்ஸ் விட்டா அழுக்கு இன்னும் உள்ள போய் அடைச்சுக்கும், அந்த அடைப்பே சத்தத்துக்குக் காரணமாகலாம், அதை யாரும் சொல்ல மாட்டாங்க.

சரி டாக்டர்கிட்ட போனா லைட் அடிச்சு ரெண்டு காதையும் பாத்துட்டு "நரம்பு வீக்கு, இதுக்கு மருந்து இல்ல, பழகிக்கோங்க", அவ்ளோதான், பெல்லடிச்சு அடுத்த ஆள உள்ள கூப்டாச்சு. மருந்து இல்லைங்கறது நெஜம்தான், நான் மறுக்கல. ஆனா எப்படிப் பழகறதுன்னு சொல்லணும்ல? உள்காதுல சத்தத்த வாங்கற சின்னச் சின்ன செல்கள் இருக்கு, அது கெட்டா திரும்ப முளைக்காது, அங்கேருந்து சிக்னல் கொறையக் கொறைய மூளையே வால்யூமக் கூட்டி வச்சுக்குது, அதனாலதான் சுத்தி அமைதியா இருந்தா இன்னும் பெருசா கேக்குது, இதைச் சொல்ல ஒரு நிமிஷம் ஆகுமா? ஆடியோகிராம் (காது எவ்ளோ கேக்குதுன்னு பாக்கற டெஸ்ட்) எடுத்துப் பாருங்க, கேக்கறது கொறைஞ்சிருந்தா ஹியரிங் எய்ட் போட்டாலே நெறைய பேருக்கு இரைச்சல் அடங்கும், சிபிடின்னு (காக்னிட்டிவ் பிஹேவியரல் தெரபி) ஒரு கவுன்சிலிங் இருக்கு, அது சத்தத்த கொறைக்காது ஆனா அது பண்ற டார்ச்சர கொறைக்கும்னு ஒரு துண்டுச் சீட்டுலயாவது எழுதிக் குடுக்கலாம்ல.

எனக்கு வயிறு எரியறது இதுக்குத்தான்: எல்லாரையும் ஒரே மாதிரி "பழகிக்கோ"ன்னு அனுப்பறது. ஒரு காதுல மட்டும் கேட்டாலோ, நாடித் துடிப்போட சேர்ந்து தொம் தொம்னு அடிச்சாலோ விடாம செக் பண்ணணும். திடீர்னு ஒரு காது கேக்காம போச்சுன்னா அது எமர்ஜென்சி, ஸ்டீராய்டு சீக்கிரம் ஆரம்பிச்சாதான் பலன், ரெண்டு வாரம் போயிட்டா வாய்ப்பு கொறைஞ்சுகிட்டே வரும், சளியா இருக்கும்னு சும்மா இருந்துடாதீங்க. ஜென்டாமைசின்ங்கற ஆன்டிபயாட்டிக், சிஸ்பிளாட்டின்ங்கற கேன்சர் மருந்து, நெறைய டோஸ் ஆஸ்பிரின் இதெல்லாம் கூட காதைப் பதம் பாக்கும், என்ன மாத்திரை சாப்புடறீங்கன்னு எங்கிட்ட ஒருத்தரும் கேக்கல (அதுக்காக நீங்களா மாத்திரைய நிறுத்திடாதீங்க, கேட்டுட்டுப் பண்ணுங்க).

இதுக்கு நடுவுல ஜின்கோங்கற மூலிகை மாத்திரை விக்கற கூட்டம் வேற! ஜின்கோ, மெலடோனின், ஜிங்க் எதையும் இதுக்கு சிபாரிசு பண்ணக் கூடாதுன்னு அமெரிக்க காது மூக்கு தொண்டை டாக்டர்கள் அமைப்பு 2014லயே வழிகாட்டுதல்ல சொல்லிடுச்சு, இன்னும் வித்துகிட்டுதான் இருக்கானுங்க.

ஹெட்போன ஃபுல்லா வச்சு கேக்கற தம்பிங்களா, 85 டெசிபல் சத்தம்னா ஒரு நாளைக்கு 8 மணி நேரம் வரைக்கும்தான் கேக்கலாம், அதுக்கு மேல ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும், 100 வந்தா 15 நிமிஷம்தான். போன்ல வர்ற வார்னிங்க படிக்காமலே ஓகே அமுக்கறீங்க பாருங்க, அதுக்குத்தான் சொல்றேன்.

வீட்ல இருக்கறவங்களுக்கும் ஒண்ணு. "அதையே நெனைக்காத"ன்னு சொல்றத முதல்ல நிறுத்துங்க. ராத்திரி நான் மெதுவா மழை சத்தமோ ஃபேனோ ஓட விடறது காதுக்குள்ள இருக்கற சத்தத்த அமுக்க இல்ல, அதைவிடக் கொஞ்சம் மெதுவா வேற சத்தம் ஒண்ணு கேட்டா மூளை அந்த ஙொய்ய்ங் பின்னாடியே ஓடறத விடும்னுதான். குளிருதுன்னா போர்வைய இழுத்துக்கோங்க, ஃபேன ஆஃப் பண்ணாதீங்க, அது காத்துக்காக ஓடல.