"ஓட ஓட உக்காந்துரும்"னு இனி யாரும் என்கிட்ட சொல்லாதீங்க

மூணு வாரமா அடக்கி வெச்ச வயித்தெரிச்சல் இது. இன்னைக்குக் கொட்டலேன்னா எனக்குத் தூக்கம் வராது.

பிக்கப் வண்டியில பின்பக்க ஸ்பிரிங் பட்டை, அதாவது எடையைத் தாங்குற வளைஞ்ச இரும்புப் பட்டை அடுக்கு, ரெண்டு பக்கமும் வளைவு போய்ப் படுத்துப்போச்சு. இடது பக்கம் மூணாவது பட்டை ஒடிஞ்சே போச்சு. பாரம் ஏத்தினா ஆக்சில் போய் மேல தடுப்பா இருக்குற பம்ப் ஸ்டாப்பர்ல டம்மு டம்முனு இடிக்கும். ஒடிஞ்ச ஒத்தப் பட்டையை மட்டும் மாத்தி ஒப்பேத்த வேண்டாம், ரெண்டு பக்கமும் முழு செட்டாப் புதுசு போட்டுருவோம்னு முடிவு பண்ணி ஒர்க்‌ஷாப்புல விட்டேன். சாயங்காலம் எடுக்கப் போறேன், தூரத்துலயே கண்ணுல படுது. பின்பக்கம் தூக்கிக்கிட்டு நிக்குது. தூக்கினதாவது நேரா தூக்கிச்சா? இடது பக்கம் ஒசந்து, வலது பக்கம் தணிஞ்சு, வண்டி சாஞ்சு நிக்குது.

"அண்ணே, ஒரு பக்கமா சாஞ்சிருக்கே?"

"புதுப் பட்டை தம்பி. ஓட ஓட உக்காந்துரும்."

சரின்னு ஓட்டினேன். 300 கிலோமீட்டர் ஓட்டிட்டுப் போய்க் காட்டினேன். இன்னும் ஓட்டுங்கன்னாரு. 600 ஆச்சு. கொஞ்சம் பாரம் ஏத்தி ஓட்டுங்கன்னாரு. 1000 தாண்டிருச்சு, சாய்வு அப்படியே இருக்கு. அப்புறம் பேச்சு மாறுது. டயர்ல காத்து கம்மியா இருக்கும்னாரு. காத்து சரியா இருந்துச்சு. உடனே, "உங்க சேஸே கோணல் தம்பி"ன்னாரு. என் வண்டியோட சேஸை, அதாவது அடிச்சட்டத்தையே, கோணல்னு சொல்ற மனுசன், அதைச் சொல்றதுக்கு முன்னாடி ஒரு தடவையாவது டேப்பைக் கையில எடுத்தாரா? இல்லவே இல்ல. அங்க யாருமே எடுக்கல. என் வயித்தெரிச்சலே இதுதான். அளக்க ரெண்டு நிமிசம் ஆகும். அந்த ரெண்டு நிமிசத்தைக் குடுக்காம மூணு வாரம் என்னை அலைய விட்டிருக்காங்க.

புதுப் பட்டை கொஞ்சம் உக்காரும், அதை நான் மறுக்கல. முதல் சில நூறு கிலோமீட்டர்ல பட்டைக்குப் பட்டை பதிஞ்சு, பட்டை முனையில இருக்குற ரப்பர் புஷ் பதிஞ்சு, கொஞ்சம் எறங்கத்தான் செய்யும். பழைய பட்டை படுத்துக் கெடந்ததால அதோட ஒசரத்தை வெச்சுப் புதுசை எடை போடவும் கூடாது. ரெண்டு பக்கமும் சமமா ஒசந்திருந்தா நானும் வாயை மூடிக்கிட்டுக் காத்திருப்பேன். ஒரு பக்கம் மட்டும் ஒசந்து நிக்கிறதுக்கு "உக்காந்துரும்" எப்படிங்க பதிலாகும்?

கடைசியில நானே குனிஞ்சேன். சமதளமாப் பாத்து வண்டியை நிறுத்தி, ரெண்டு டயர்லயும் ஒரே காத்து வெச்சு, வீல் நடு மையத்துல இருந்து மேல மட்கார்டு வளைவு வரைக்கும் அளந்தேன். தரையில இருந்து அளந்தா டயர் தேய்மானமும் காத்தும் கணக்கைக் கெடுத்துரும், அதான் மையத்துல இருந்து. இடது 548 மி.மீ., வலது 520. சுளையா 28 மி.மீ. சாய்வு!

அடுத்து ஷாக்கிள் போல்ட். பட்டையோட பின் முனையைச் சேஸோட சேக்குற ஆடுற இணைப்புதான் ஷாக்கிள். வண்டி நாலு கால்ல தரையில நிக்கும்போதே, பட்டையோட முன் கண்ணுலயும் (முனையில சுருட்டின வளையம்) பின்னாடி ஷாக்கிள்லயும் நட்டை லூஸ் பண்ணேன். இடது பக்கம் ரெண்டாவது நட்டு லூசாகும்போதே 'டொக்'குனு ஒரு சத்தம். என் கண்ணு முன்னாடியே பாடி கீழ எறங்குச்சு. இடது 536 ஆச்சு, வலது 511 ஆச்சு. அப்படின்னா என்ன அர்த்தம்? ஜாக்கியில தூக்கி ஆக்சில் தொங்கும்போதே போல்ட்டை முறுக்கி விட்டிருக்காங்க! அந்தக் கண்ணுக்குள்ள இருக்குறது ரப்பர் புஷ். நட்டை முறுக்கினா நடுவுல இருக்குற இரும்புக் குழாய் அசையாமப் பிடிச்சுக்கும், பட்டை ஆடுறப்ப ரப்பர்தான் முறுக்கி முறுக்கிக் குடுக்கணும். தொங்குற நெலையில முறுக்கிட்டா, வண்டியைக் கீழ எறக்கின நிமிசத்துல இருந்தே ரப்பர் முறுகின நெலையில நின்னு பாடியை மேல தள்ளிக்கிட்டிருக்கும். கொஞ்ச நாள்ல கிழிஞ்சு போகும். வண்டி எடை முழுசா பட்டை மேல உக்காந்த பிறகுதான் அந்த நட்டுக்குக் கடைசி முறுக்கு. தொழில் கத்துக்குறப்ப முதல் மாசமே சொல்லிக் குடுக்குற விசயம் இது. தெரியாதுன்னு நான் நம்ப மாட்டேன். தெரிஞ்சும் குனிய மனசு வரல.

இன்னும் 25 மி.மீ. பாக்கி. அதுக்கு 400 கிலோவை நடுவுல, ரெண்டு பக்கமும் சமமா வர்ற மாதிரி ஏத்திப் பாத்தேன். இடது 497, வலது 459. சாய்வு 38 ஆயிருச்சு. பட்டையோட வளைவு மட்டும் வித்தியாசமா இருந்தா, பாரம் ஏத்தினாலும் எறக்கினாலும் சாய்வு அதே அளவுலதான் நிக்கணும். பாரம் ஏற ஏற சாய்வும் ஏறுதுன்னா ஒரு பக்கம் பட்டை வெறைப்பா இருக்கு, மறு பக்கம் இளக்கமா இருக்குன்னு அர்த்தம். சேஸ் கோணலுக்கு இதுல வேலையே இல்ல.

மறுபடி ஒர்க்‌ஷாப்புக்குப் போய், இடது செட்டை வலதுலயும் வலது செட்டை இடதுலயும் மாத்திப் போடுங்க, என் கண்ணு முன்னாடியே போடுங்கன்னு நின்னேன். மாத்தினாங்க. சாய்வு அந்தப் பக்கம் போயிருச்சு. அதுக்கப்புறம் சேஸைப் பத்தி ஒருத்தரும் வாயைத் திறக்கல. நான் கனம் அளக்குற வெர்னியரை எடுத்துப் பட்டை பட்டையாப் பிடிச்சேன். ஒசந்து நின்ன செட்டுல ஒவ்வொரு பட்டையும் 11 மி.மீ., தணிஞ்சு நின்ன செட்டுல 10. ஜோடியே இல்லாத ரெண்டு செட்டை ஜோடின்னு சொல்லிக் கடையில கட்டி அனுப்பிருக்காங்க!

"ஒரு மி.மீ.தானே தம்பி, அதுல என்ன ஆகப் போகுது?"

என்ன ஆகும்னு அங்கயே தரையில சாக்பீஸால எழுதிக் காட்டினேன். பட்டையோட வெறைப்பு கனத்தோட மும்மடிப் பெருக்கமா ஏறும். பத்தை மூணு தடவை பெருக்கினா 1000. பதினொண்ணை மூணு தடவை பெருக்கினா 1331. அந்த ஒத்த மி.மீ.க்கு 33 சதவீதம் வெறைப்பு கூடுது!

அதுக்கு அவங்க சொன்ன வைத்தியம் இருக்கே, அதுதான் என்னை இன்னும் கொதிக்க வெக்குது. தணிஞ்ச பக்கம் ஆக்சிலுக்கும் பட்டைக்கும் நடுவுல ஒரு கட்டை வெச்சுரலாமாம். இல்லேன்னா ஒசந்த பக்கத்தைச் சுத்தியலால அடிச்சு வளைவைக் கொறைச்சுரலாமாம். காலி வண்டியில நேரா நிக்கும், நான் பாத்துச் சந்தோசப்பட்டு வீட்டுக்குப் போகணும். பாரம் ஏறின அன்னைக்கு மறுபடி சாயும், வளைவுல திரும்பும்போது ஒரு பக்கம் குழையும். அப்ப ஸ்டீயரிங்கைப் பிடிச்சுக்கிட்டு இருக்கப் போறது நான்தானே?

பிரேக் விசயம் இதைவிட மோசம். பின் ஆக்சில்ல இருந்து சேஸ்ல இருக்குற வால்வுக்கு ஒரு ராடு போகுது. லோட் சென்சிங் வால்வ். பின்பக்கம் எவ்வளவு தணிஞ்சிருக்குன்னு பாத்துத்தான் பின் பிரேக்குக்கு எவ்வளவு அழுத்தம் விடணும்னு அது முடிவு பண்ணும். பின்பக்கம் ஒசந்துட்டா வண்டி காலியா இருக்குன்னு எடுத்துக்கிட்டு அழுத்தத்தைக் கொறைச்சுரும். பாரத்தோட பிரேக்கை மிதிக்கும்போது மூக்கு குத்துற மாதிரி இருக்கு, வண்டி நிக்க வழக்கத்தைவிட தூரம் எடுக்குதுன்னு நான் முதல் வாரத்துலயே சொன்னேன். அந்த ராடைத் திரும்பிக்கூடப் பாக்கல. ஒருத்தர் உயிர் போயிருந்தா, அதுவும் ஓட ஓட சரியாயிருக்குமா?

பட்டையை ஆக்சிலோட சேத்து இறுக்கிப் பிடிக்கிற யூ போல்ட்டுக்கு வர்றேன். பழசையே திரும்பப் போட்டிருக்காங்க. ஒரு தடவை இழுத்து முறுக்கின யூ போல்ட் நீண்டு போயிருக்கும், மறுபடி அதே பிடி கெடைக்காது. புதுசு போட்டாலும் கொஞ்சம் ஓடின பிறகு கொண்டாங்க, திரும்ப முறுக்கித் தர்றோம்னு சொல்லணும். அதையும் சொல்லல.

இப்ப வேற இடத்துல, வேற செட்டு வாங்கிப் போட்டாச்சு. வாங்கும்போதே கடை வாசல்ல உக்காந்து ஒவ்வொரு பட்டையும் அளந்துதான் எடுத்தேன். யூ போல்ட் புதுசு. பட்டைங்களை நடுவுல கோத்துப் பிடிக்கிற சென்டர் போல்ட்டோட தலை, ஆக்சில் மேல பட்டை உக்கார்ற சீட்டு ஓட்டைக்குள்ள சரியா உக்காந்திருக்கான்னு நானே விரல் விட்டுத் தடவிப் பாத்தேன். வண்டியைத் தரையில எறக்கின பிறகுதான் ஷாக்கிளை முறுக்கினாங்க. வால்வ் ராடையும் புது ஒசரத்துக்கு ஏத்த மாதிரி சரி பண்ணியாச்சு. இடது 526, வலது 523. 150 கிலோமீட்டர் ஓடிட்டு யூ போல்ட்டைத் திரும்ப முறுக்கினேன், ஒவ்வொரு நட்டும் கால் சுத்து உள்ள போச்சு.

முதல்ல வாங்கின கடையில, போட்டுக் கழட்டின பட்டையைத் திரும்ப எடுக்க மாட்டோம்னு சொல்லிட்டாங்க. ஒர்க்‌ஷாப்ல கேட்டா கடையைக் கைகாட்டுறாங்க, கடையில கேட்டா ஒர்க்‌ஷாப்பைக் கைகாட்டுறாங்க. அந்த ரெண்டு செட்டும் இப்ப வீட்டு வாசல்ல கெடக்கு. ஒண்ணுல 10னும் ஒண்ணுல 11னும் சாக்பீஸால பெருசா எழுதி வெச்சிருக்கேன். நாளைக்குக் காலையில ரெண்டையும் வண்டியில ஏத்திக்கிட்டு அந்தக் கடைக்குத்தான் போறேன். வெர்னியரையும் கையோட எடுத்துட்டுப் போறேன்.