நான் சுயம்பு இல்ல

போன வாரம் ராத்திரி பத்தரை மணிக்கு மருமகன் போன் பண்ணான். எங்கண்ணன் மகன், இன்ஜினியரிங் ரெண்டாம் வருஷம், வெளியூர்ல ஹாஸ்டல்ல இருக்கான். கடக்கரை வீட்டுல அந்த நேரத்துக்கு போன் அடிச்சா நெஞ்சு ஒரு தடவ நின்னுதான் ஓடும், நல்லவேளை இது தடைக்காலம், அண்ணன் கரையிலதான் இருக்குன்னு நினைச்சுக்கிட்டே எடுத்தேன்.

"அத்தை, இனிமே அப்பாகிட்ட காசு வாங்கறதில்லன்னு முடிவு பண்ணிட்டேன். சாயங்காலம் சாப்பாடு டெலிவரிக்குப் போறேன், மிச்சத்துக்கு என் பேர்லயே கல்விக்கடன் போட்டுக்கறேன். நாளைக்கு நான் மேல வந்தா அது என்னால வந்ததா இருக்கணும். அப்பன் காசுல படிச்சவன்னு ஒருத்தனும் சொல்லக்கூடாது."

ரூம்ல பேச்சு நடந்திருக்கு. யாரோ ஒரு பிசினஸ்காரர் பேசற ரீல்ஸ், அப்பா அம்மா பணத்துல காலேஜ் போனவனுக்கு தன்ன செல்ஃப் மேட்னு சொல்லிக்க உரிமையே கிடையாதுன்னு சொல்றாராம், அதப் பாத்துட்டு பசங்க விடிய விடிய வாக்குவாதம், இவன் மனசுல அது முள்ளா தச்சுடுச்சு.

ஒரு நிமிஷம் எனக்கு பெருமையாத்தான் இருந்துச்சு. பத்தொன்பது வயசுல ரோஷம் இருக்கணும். ஆனா போன வச்சதுக்கு அப்புறம் தூக்கம் வரல. அவன் வேண்டாம்னு சொல்ற அந்தப் பணம் எப்படி வருதுன்னு எனக்குத் தெரியும்.

அண்ணன் அடுத்தவங்க விசைப்படகுல கூலிக்குப் போகுது. ராமேஸ்வரம் பக்கம் விசைப்படகுக்கு வாரத்துல மூணு நாள்தான் தொழில், திங்கள், புதன், சனி, மத்த நாள் நாட்டுப்படகுக்கு. அந்த மூணு நாள்லயும் காத்து அடிச்சா கடலுக்குப் போக அனுமதி டோக்கன் கிடையாது, டோக்கன் வாங்கிப் போனாலும் பாடு, அதான் மீன், இருக்கணும், பாடு இருந்தாலும் டீசல், ஐஸ் எல்லாம் கழிச்சு மிச்சத்துலதான் பங்கு, இதுக்கு நடுவுல இலங்கை நேவி புடிச்சா ஆளு ஜெயில்ல, படகும் அங்கயே. ஏப்ரல் 15லேருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் தடைக்காலம் வேற. இதுல மெஸ் பில் வந்துச்சுன்னா அண்ணன் படகு ஓனர்கிட்ட அட்வான்ஸ் வாங்கும். வாங்கிட்டா அந்த ஓனர் படகுலதான் போகணும், ஒத்து வரலன்னு வேற படகுக்கு மாறணும்னா மொத்தத்தையும் எண்ணி வச்சுட்டுத்தான் இறங்க முடியும். எங்கண்ணன் தன் கால்ல ஒரு கயித்தக் கட்டிக்கிட்டுத்தான் மகனுக்குப் பணம் அனுப்புது.

இத வாங்கிப் படிச்சா மருமகன் உழைப்பு உழைப்பு இல்லன்னு ஆயிடுமா? இந்த ஒரு கேள்விக்கு எனக்குத் தெரிஞ்ச பதில எழுதணும்னுதான் உக்காந்தேன். அதுக்கு முதல்ல என் கதைய சொல்லணும், இத்தன வருஷமா நேரா சொல்லாத கதை.

2002ல மதுரையில ஒரு காலேஜ்ல பி.எஸ்சி. மைக்ரோபயாலஜி சேந்தேன். எங்க வீடு பாம்பன் பக்கம். எங்கம்மா கடல்பாசி எடுக்கப் போற பொம்பள. தெரியாதவங்களுக்கு சொல்றேன், இது எங்க பக்கத்துப் பொம்பளைங்க தலைமுறை தலைமுறையா பாக்கற தொழில். அமாவாசை, பௌர்ணமிய ஒட்டி மாசத்துல ஒரு பன்னெண்டு நாள், நீரோட்டம் பாத்துப் போவாங்க. விடியறதுக்கு முன்ன வள்ளத்துல ஏறி தென்கடல்ல தீவுப் பக்கம், கண்ணுக்குக் கண்ணாடி, விரலுக்கெல்லாம் துணி சுத்திக்கிட்டு, மூச்சடக்கி முங்கி பாறையில ஒட்டியிருக்கறத பிச்சு எடுக்கணும். மரிக்கொழுந்துப் பாசி, கஞ்சிப்பாசி, கட்டக்கோரை. மணிக்கணக்குல தண்ணிக்குள்ளயே கிடக்கணும். துணி சுத்தினாலும் பாறை கிழிக்கும், கிழிச்ச இடத்துல உப்புத்தண்ணி ஏறும், எங்கம்மா கையில ரேகையே தெரியாது. கரைக்குக் கொண்டாந்து காயப்போட்டு வியாபாரிகிட்ட கிலோ கணக்குல போட்டு வர்ற காசுலதான் என் ஃபீஸு. "பொம்பளப் புள்ளைக்குப் படிப்புல கொட்டறதுக்கு பவுனா சேத்து வை"ன்னு சொல்லாத சொந்தக்காரங்க கிடையாது, அம்மா யாருக்கும் பதில் சொல்லாது, அடுத்த நீரோட்டத்துக்குப் போயிடும்.

முதல் வருஷம் முதல் பிராக்டிகல்ல மேடம் ஒரு பாட்டில்ல வெளுத்த பவுடரக் காட்டினாங்க. இதுதான் அகர், லிட்டருக்கு 15 கிராம் போட்டு ஆட்டோகிளேவ்ங்கற ஆவிப் பாத்திரத்துல 121 டிகிரியில வச்சு எடுத்து பிளேட்ல ஊத்துனா ஆறினதும் கெட்டியாகும், அது மேலதான் கிருமிய வளக்கறோம், கடல்பாசியில இருந்து எடுக்கறாங்க, நம்ம மதுரைப் பக்கமே தயாரிக்கறாங்கன்னு சொன்னாங்க. எனக்கு மேலெல்லாம் சிலுத்துடுச்சு. நம்ம மரிக்கொழுந்து. அம்மா பிச்சு எடுக்கற அதே பாசி. பக்கத்துல நின்ன பொண்ணுகிட்ட சொல்ல வாய் வரைக்கும் வந்துச்சு, சொல்லல. அப்பா என்ன பண்றாருன்னு கேட்டா ஃபிஷிங்னு சொல்லுவேன், அம்மான்னு கேட்டா வீட்டுல இருக்காங்கன்னு சொல்லுவேன். மூணு வருஷமும் அப்படித்தான் சொன்னேன்.

2004 டிசம்பர் 26 சுனாமி. நான் மூணாம் வருஷம். இலங்கை மறைச்சு நின்னதால எங்க பக்கம் நாகப்பட்டினம் அளவுக்கு அழிவு இல்ல, ஆனா பல நாள் யாரும் கடல்ல கால் வைக்கல, மீன வாங்கவும் ஆள் இல்ல. அந்த நேரம் பாத்து ஹாஸ்டல் பாக்கியும் பரீட்சை ஃபீஸும் ஒண்ணா வந்துச்சு. அம்மா காதுல கிடந்தத கழட்டி அடகு வச்சுச்சு. அண்ணன் கதை அதுக்கும் முன்ன. அது பாலிடெக்னிக்ல சேந்து ஒரு வருஷம் முடிச்சிருந்துச்சு, நான் காலேஜ் சேர்ற வருஷம் ரெண்டு பேருக்கும் கட்ட முடியாதுன்னு ஆனப்ப அண்ணனே நின்னுடுச்சு. யாரும் நிக்கச் சொல்லல. ஒருநாள் காலையில அப்பாகூட படகுக்குப் போயிடுச்சு, அவ்வளவுதான்.

இப்போ நான் ஒரு ஆஸ்பத்திரி லேப்ல மைக்ரோபயாலஜி பிரிவப் பாத்துக்கறேன். மூணு வருஷத்துக்கு முன்ன ஒரு பள்ளிக்கூட விழாவுக்குக் கூப்பிட்டாங்க. அறிமுகம் பண்ணவரு மைக்குல, "கடற்கரை கிராமத்துல பிறந்து, யாரோட துணையும் இல்லாம, சுயம்புவா வளர்ந்து நிக்கறவங்க"ன்னு சொன்னாரு. கைதட்டினாங்க. அம்மாவும் வந்திருந்துச்சு, மூணாவது வரிசையில உக்காந்து அதுவும் கைதட்டுச்சு. நான் அதுக்கப்புறம் இருபது நிமிஷம் பேசினேன். விடாமுயற்சி, கனவு, தன்னம்பிக்கை எல்லாம் பேசினேன். அம்மா பேர சொல்லல. மறந்துட்டேன்னு சொல்லித் தப்பிக்க முடியாது, அந்த சுயம்புங்கற வார்த்தை காதுக்கு இனிச்சுச்சு, அதக் கலைக்க மனசு வரல. என் வாழ்க்கையில நான் ரொம்ப வெக்கப்படற இடம் அந்த மேடைதான்.

சுயம்புன்னா தானா முளைச்சது. எங்க ராமேஸ்வரம் கோயில் ராமலிங்கமே சுயம்பு கிடையாது, சீதை கடக்கரை மணல கையால புடிச்சு வச்சதுன்னுதான் தலபுராணம் சொல்லுது. அத நினைக்கறப்பெல்லாம் எனக்கு அந்த மேடை ஞாபகம் வரும்.

கலாம் ஐயாவ எடுத்துக்குங்க. எங்க ஊருல பெறந்த எந்தப் பிள்ளைக்கும் முதல்ல சொல்ற பேரு. தன் முயற்சியில வந்தவருன்னா அவர விட யார சொல்ல முடியும்? ஆனா மெட்ராஸ் இன்ஸ்டிடியூட் ஆஃப் டெக்னாலஜியில சேர ஏறக்குறைய ஆயிரம் ரூபா தேவைப்பட்டுச்சு, அப்பாவால முடியல, அக்கா ஜோஹரா தன் தங்க வளையலையும் சங்கிலியையும் அடகு வச்சுக் கொடுத்தாங்கன்னு அவரே எழுதியிருக்காரு. அதோட நிக்கல, அந்த நகைய என் சம்பாத்தியத்துல மீட்கணும், அதுக்கு ஒரே வழி நல்லா படிச்சு ஸ்காலர்ஷிப் வாங்கறதுன்னு முடிவு பண்ணேன்னும் சொல்றாரு. அக்கா கொடுத்தது அவரோட உழைப்ப எங்க குறைச்சுச்சு? கூட்டித்தான் விட்டுச்சு. நாட்டுக்கே ஜனாதிபதியா இருந்தவரு அக்கா வளையல எழுத்துல வச்சாரு, நான் முப்பது பெஞ்சு பிள்ளைங்க முன்னால அம்மா பாசிய மறைச்சேன்.

மருமகன் அனுப்பின ரீல்ஸ்ல அமெரிக்காவுல பதினெட்டு வயசானா எல்லாரும் சொந்தக் கால்லன்னு ஒரு வசனம் வருது. அங்கயும் மத்திய அரசு கல்வி உதவிக்கு விண்ணப்பம் போட்டா, 24 வயசுக்குள்ள இருக்கற பெரும்பாலான பிள்ளைங்ககிட்ட அப்பா அம்மா வருமானத்தத்தான் கேக்கறாங்க. இன்னொண்ணு, அந்த ஊருல அடிமையாப் பெறந்து தப்பிச்சு வந்து பெரிய பேச்சாளரா ஆன ஃப்ரெடரிக் டக்ளஸ், 1859ல தொடங்கி முப்பது வருஷத்துக்கு மேல இதே செல்ஃப் மேட் தலைப்புல ஊர் ஊரா பேசினவரு, கண்டிப்பா சொல்லப்போனா அப்படி ஒரு மனுசன் உலகத்துல கிடையாதுன்னு அந்தப் பேச்சுலயே சொல்லியிருக்காரு. அத சொல்லிட்டுத்தான் உழைப்ப, உழைப்ப மட்டுமே, விடாம வலியுறுத்தினாரு. அந்த வார்த்தைய சொல்லிக்க அவருக்கு இல்லாத உரிமை வேற யாருக்கு இருக்கு?

நம்ம ஊருலயும் அரசாங்கத்துக்கு இது தெரிஞ்சுதான் இருக்கு. மருமகன் கவுன்சிலிங் போறப்ப முதல் பட்டதாரி சான்றிதழுக்கு நான்தான் கூட அலைஞ்சேன். அதுல அவன் மார்க்க யாரும் கேக்கல, அப்பா அம்மா என்ன படிச்சாங்க, தாத்தா பாட்டி என்ன படிச்சாங்க, கூடப் பெறந்தவங்க யாராவது டிகிரி வாங்கியிருக்காங்களான்னுதான் கேக்கறாங்க. ஒரு பையன் எங்கருந்து ஓட ஆரம்பிக்கறான்னு பாக்க அவன் வீட்டத்தான் பாக்கணும்னு தாலுகா ஆபீஸ் ஃபாரத்துக்கே தெரியுது. அரசாங்கத்தோட தமிழ்ப்புதல்வன் திட்டத்துல மாசம் 1000 ரூபா அவன் அக்கவுண்ட்ல வருது, அத எடுக்கறப்ப வராத கூச்சம் அப்பா அனுப்பறத எடுக்கறப்ப மட்டும் ஏன் வரணும்? கடன் என் பேர்லன்னு சொன்னான்ல, மறுநாள் பேங்க்ல விசாரிச்சிருக்கான், அப்பாவ கூட்டிட்டு வாங்க, கூட்டுக் கடன்தாரரா கையெழுத்து போடணும்னு சொல்லிட்டாங்களாம்.

ஆனா எல்லாருக்கும்தான் உதவி இருக்குன்னு சொல்லி எல்லாத்தையும் ஒண்ணாக் கொட்டவும் என்னால முடியாது. எங்க தெருவுல ஒருத்தன், அப்பா கடல்ல போனவரு திரும்பல, அம்மாவும் சீக்கிரம் போயிடுச்சு, ஐஸ் கம்பெனியில கட்டி தூக்கிக்கிட்டே படிச்சு இன்னைக்கு அரசு வேலையில இருக்கான். அவன்கிட்ட போய் "உனக்கும் யாரோ உதவியிருப்பாங்கல்ல"ன்னு கேக்கறது பாவம். அவன் தூக்கின பாரத்துல பாதிகூட நான் தூக்கல, அத நான் சத்தமா சொல்லணும். அதே மாதிரி என்கூட லேப்ல வேலை பாக்கற ஒரு டாக்டர், அப்பாவும் டாக்டர், எல்லாம் கட்டி படிக்க வச்சாங்க, அவங்க ராத்திரி ரெண்டு மணிக்கு கல்ச்சர் ரிசல்ட்டுக்காக எந்திரிச்சு வர்றத நான் கண்ணால பாத்திருக்கேன், அது யார் காசுலயும் வாங்கின உழைப்பு இல்ல. அவங்க உழைப்ப நான் குறைச்சுப் பேச மாட்டேன். வழியில நின்னுபோன ஒரு பிள்ளையப் பாத்து "நான் கஷ்டப்பட்டேன், நீ படல"ன்னு யாராவது சொன்னா மட்டும்தான் எனக்குக் கோவம் வரும். அத சொல்ல எனக்கும் உரிமை இல்ல, ஏன்னா என் பின்னால தண்ணிக்குள்ள ஒருத்தி முங்கிக்கிட்டு இருந்தா.

அப்பா அம்மாமாருக்கும் ஒண்ணு சொல்லணும். படிக்க வச்சத பில்லு மாதிரி எடுத்து நீட்டறவங்க இருக்காங்க, "உனக்கு எவ்வளவு கொட்டினேன், நான் சொல்ற இடத்துல கட்டு", "நான் சொல்ற வேலைக்குப் போ"ன்னு. அந்தக் காசுல படிச்ச பிள்ளை தப்பிச்சாப் போதும்னு நினைக்கறதுல தப்பே இல்ல, அப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளை டெலிவரிக்குப் போய் படிச்சா நான் கைகூப்பிக் கும்புடுவேன். என் மருமகன் வீடு அந்த மாதிரி வீடு கிடையாது. எங்கண்ணன் அவன்கிட்ட கேக்கற ஒரே கேள்வி "சாப்டியா".

பார்ட் டைம் வேலைக்குப் போகாதன்னு நான் சொல்லல, நானும் மதுரையில டியூஷன் எடுத்தேன். லீவுல போ, சனி ஞாயிறு போ, கை செலவுக்கு சம்பாதி. தெர்மோடைனமிக்ஸ்ல அரியர் வச்சுட்டு ராத்திரி பைக்குல சுத்தி, நாளைக்கு சொல்லப்போற கதை அழகா இருக்கணும்னு இன்னைக்கு படிப்ப விடாத, அப்படி விட்டா அப்பா வாங்கின அட்வான்ஸுக்கும் சேத்து நஷ்டம்னு சொன்னேன்.

நேத்து திரும்பப் பேசினோம். அடுத்த வருஷத்துலேருந்து ஹாஸ்டல் காசுல பாதிய நான் கட்டறேன், அண்ணன் அட்வான்ஸ் வாங்க வேண்டாம்னு சொன்னேன். "அதுவும் உதவிதான அத்தை"ன்னான். அப்பத்தான் அவன்கிட்ட அவங்கப்பா பாலிடெக்னிக்க விட்ட கதைய சொன்னேன். அண்ணன் இத்தன வருஷத்துல ஒரு தடவகூட மகன்கிட்ட அத சொன்னதில்ல போல. ரொம்ப நேரம் அந்தப் பக்கம் சத்தமே இல்ல, லைன் கட்டாயிடுச்சோன்னு நினைச்சேன். அப்புறம் அப்பா என்ன பிரிவு எடுத்திருந்தாங்கன்னு கேட்டான்.

மெக்கானிக்கல்னு சொன்னேன். அவனும் மெக்கானிக்கல்தான்.