கத்தரிக்கோல் கை மாறினால்

எர்மெஸ் கம்பெனியின் ஆண்கள் உடைக்குப் புது டிசைனர் வந்த செய்தியைப் பகிர்ந்து, "உடுப்பு விஷயம், நீ சொல்லுப்பா" என்று நண்பர் ஒருவர் என்னைக் கோத்துவிட்டிருக்கிறார். அந்தக் கடையில் ஒரு டை வாங்கக்கூட எனக்கு வக்கில்லை என்பது அவருக்கும் தெரியும். மதுரையில் இருபத்தைந்து வருஷமாக மருந்துக் கம்பெனி ரெப்பாக அலைகிறவன் நான். ஆனால் தேய்த்த சட்டையையும் பேண்டையும் வைத்தே பிழைப்பு நடத்துகிறவனுக்கு இதில் சொல்ல ஒன்று இருக்கிறது. கொஞ்சம் நீளம்தான். டாக்டர் இன்னும் வரவில்லை, அதனால் பரவாயில்லை.

முதலில் விஷயம். எர்மெஸ் 1837-ல் பாரிஸில் குதிரைக்கு வாரும் கடிவாளமும் செய்யும் பட்டறையாகத் தொடங்கியது. அங்கே ஆண்கள் உடையை 1988 முதல் பார்த்துவந்தவர் வெரோனிக் நிஷானியன் என்ற அம்மா. 1988 என்றால் எம்.ஜி.ஆர். மறைந்ததற்கு அடுத்த வருஷம். நான் அரை டவுசரில் திரிந்த காலம். அப்புறம் மதுரையில் பேகி வந்து போனது, பென்சில் பேண்ட் வந்து போனது, இப்போது பேகியே திரும்பவும் வந்துவிட்டது. அந்தம்மா நாற்காலியை விட்டு எழவில்லை. 37 வருஷம். 2026 ஜனவரியில் கடைசி ஷோவை முடித்துக்கொண்டு இறங்கினார். அவர் இடத்துக்கு 2025 அக்டோபரில் அறிவிக்கப்பட்டவர் கிரேஸ் வேல்ஸ் பானர். லண்டன்காரர், 1990-ல் பிறந்தவர், அப்பா வழியில் ஜமைக்கா. 2014-ல் சொந்தமாக லேபிள் தொடங்கி, 2016-ல் இளம் டிசைனர்களுக்கான எல்.வி.எம்.ஹெச். பரிசு வாங்கினார். காலேஜ் பையன்களுக்கு இவரை அடிடாஸோடு சேர்ந்து செய்த சாம்பா ஷூ மூலம் தெரிந்திருக்கும்.

இப்படிப்பட்ட ஒரு கம்பெனிக்கு ஒரு கறுப்பினப் பெண் வருகிறார் என்பதை எல்லோரும் பேசினார்கள். பேச வேண்டியதுதான். என் கண் போய் நின்றது ஒரு தேதியில். இவருடைய முதல் தொகுப்பு 2027 ஜனவரியில்தான். எண்ணிப் பாருங்கள், பதினைந்து மாதம்! லூயி வுய்ட்டான் கம்பெனி 2023 பிப்ரவரியில் பாடகர் ஃபாரெல் வில்லியம்ஸை அறிவித்தது, ஜூனில் பாரிஸ் பாலத்தின் மேல் ஷோ. டியோர் என்ற இன்னொரு பாரிஸ் கம்பெனி 2025 ஏப்ரலில் டிசைனர் ஜோனதன் ஆண்டர்சனை அறிவித்தது, அதுவும் ஜூனில் ஷோ. உள்ளுக்குள் முன்னாலேயே வேலையைத் தொடங்கியிருப்பார்கள், சரி. இருந்தாலும் வந்தவரை உடனே மேடையேற்றிவிடுகிறார்கள். சித்திரையில் அழகர் என்ன கலர் பட்டு உடுத்தி ஆற்றில் இறங்குவார் என்று விடிய விடிய நாம் காத்துக் கிடப்பதுபோல அங்கேயும் ஒரு கூட்டம் காத்துக் கிடக்கிறது. பச்சையா, சிவப்பா? நமக்காவது ஒரே ராத்திரி. அவர்களை ஒன்றேகால் வருஷம் காக்கவைக்க ஒரு கம்பெனிக்குத் துணிச்சல் வேண்டும். இந்தத் துணிச்சலைத்தான் நான் பாராட்ட வந்தேன். ஏன் என்று சொல்ல, தெற்கு மாசி வீதிக்கு வர வேண்டும்.

அங்கிருந்து பிரியும் ஒரு சந்தில் எங்கள் குடும்ப டெய்லர். அப்பாவுக்குத் தைத்தவர், 1993-ல் எனக்கு முதல் முழுக்கால் பேண்டும் தைத்தவர். மூன்று வருஷம் முன்பு தவறிவிட்டார். கடை நாலு மாதம் பூட்டிக் கிடந்தது. அந்த நாலு மாதத்தில்தான் நான் வேறொரு கடைக்குப் போய்க் கெட்டேன். அதுவும் பழைய கடைதான். அப்பா இருந்த இடத்தில் இப்போது மகன், டிசைன் கோர்ஸ் முடித்தவர். கண்ணாடிக் கதவு, ஏசி, அளவு குறித்துக்கொள்ள டேப்லெட். "உங்க ஃபிட்டிங் ரொம்பப் பழசு சார், பாட்டம் பதிமூணு வைக்கலாமா?" என்றார், பேண்டின் கால் முனைச் சுற்றளவைச் சொல்லி. நாற்பத்தாறு வயதில் ஒருவன் காதில் இப்படிச் சொன்னால் சபலம் தட்டாதா? வைங்க என்றேன். நாலாவது நாள் ஒரு மருத்துவமனை வாசலில் பைக்கை ஸ்டாண்ட் போடக் காலைத் தூக்கினேன். பின்னால் டர்ரென்று சத்தம். சாம்பிள் பையைப் பின்பக்கம் தொங்கவிட்டுக்கொண்டு மூன்று டாக்டர்களைப் பார்த்து முடித்தேன். மூன்றாவது டாக்டரின் அறையிலிருந்து பின்னாலேயே நடந்து வெளியே வந்தவன் மதுரையிலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன். பேண்டைத் திரும்பக் கொண்டுபோனால், "உள்ள துணி விடல சார், ஒண்ணும் பண்ண முடியாது" என்றார்.

உள்ளே துணி விடுவது என்பது ரெடிமேடிலேயே வளர்ந்தவர்களுக்குத் தெரிய வாய்ப்பில்லை. எங்கள் டெய்லர் பேண்டின் பின்தையலில் இரண்டு பக்கமும் ஒன்றரை இஞ்ச் துணியை உள்ளே மடித்துவிட்டுத்தான் தைப்பார். வெளியே ஒன்றும் தெரியாது. "ஆம்பள உடம்பு, எப்படியும் பெருக்கும் தம்பி" என்பார். ரெண்டு வருஷத்துக்கு ஒருமுறை பிரித்து அரை இஞ்ச் விடுவார். துணி நைந்து போகும் வரை பேண்ட் நம்மோடு கூடவே வளரும். எனக்குக் கல்யாணத்துக்குத் தைத்த பேண்டை எட்டு வருஷம் அப்படிப் போட்டேன்.

அந்தப் பதிமூணு இஞ்ச் பாட்டத்துக்கும் ஒரு கொள்ளுத்தாத்தா உண்டு. 2000-ல் டியோரின் ஆண்கள் உடையைக் கையில் எடுத்த எடி ஸ்லிமான். ஒல்லிப்பிச்சான் கோட்டு, குழாய் போல பேண்ட். உலகமே அந்தப் பக்கம் சாய்ந்தது. கார்ல் லாகர்ஃபெல்ட், அவரே பெரிய டிசைனர், ஸ்லிமானின் கோட்டுக்குள் நுழைவதற்காகவே நாற்பது கிலோவுக்கு மேல் உடம்பைக் குறைத்தார். பத்து வருஷம் கழித்து அதே குழாய் நம்ம டவுன் ஹால் ரோட்டில் தொங்கியது. ஆகவே, வந்தவுடன் எல்லாவற்றையும் உடைக்கிறவன் தோற்றுப்போவான் என்று நான் சொல்ல மாட்டேன். ஸ்லிமான் உடைத்தார், ஜெயித்தார். ஆனால் அங்கே உடுப்புக்காக உடம்பு மாற வேண்டியிருந்தது. நம்மால் முடியாது, நமக்கு மதியம் சோறு வேண்டும்.

உடைத்துத் தோற்ற கதையும் இருக்கிறது. ப்ரியோனி என்று ரோமில் 1945-ல் தொடங்கிய சூட் கம்பெனி. கை ஊசி வேலைக்குப் பேர்போனது. 2016-ல் ஜஸ்டின் ஓஷே என்பவரைத் தலைமை டிசைனராகப் போட்டார்கள். அதற்கு முன் ஆன்லைன் துணிக்கடை ஒன்றுக்குச் சரக்கு தேர்ந்தெடுக்கும் வேலையில் இருந்தவர், தாடியும் பச்சைகுத்தலுமாகப் பிரபலமான ஆள். விளம்பரத்துக்கு மெட்டாலிகா ராக் குழுவைக் கொண்டுவந்து நிறுத்தினார். பழைய வாடிக்கையாளர்கள், அதாவது வருஷத்துக்கு ரெண்டு சூட் தைக்கிற தொழிலதிபர்கள், அதைப் பார்த்து என்ன நினைத்திருப்பார்கள் என்று யூகித்துக்கொள்ளுங்கள். ஆறே மாதம்தான், ஆள் வெளியே. நாற்காலியில் உட்கார்ந்த இடம் சூடாகக்கூட இல்லை.

ஒரு லேபிளின் லுக்கைப் பிடிப்பது அப்படியொன்றும் பெரிய வித்தை இல்லை. புதுமண்டபத்துக் கல்தூண்களுக்கு நடுவே மிஷின் போட்டிருந்தவர்களை நினைத்துப் பாருங்கள். கோயிலுக்கு வரும் வெள்ளைக்காரர் போட்டிருக்கிற சட்டையைக் காட்டிவிட்டு உள்ளே போவார், தரிசனம் பார்த்துத் திரும்புவதற்குள் அச்சு அசலாக இன்னொன்று தயாராகிக்கொண்டிருக்கும். இப்போது அவர்கள் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிவிட்டார்கள், அது வேறு சோகம். காப்பி அடிக்க ஒரு சட்டை போதும். ஒருவனுக்கு இருபது வருஷம் தைக்க, ஆளைத் தெரிந்திருக்க வேண்டும்.

சரி, நாலு மாதம் கழித்து எங்கள் சந்துக் கடை திறந்தது. மிஷினுக்குப் பின்னால் மாஸ்டரின் மகள். பள்ளிக்கூட நாளிலிருந்து அப்பாவுக்குக் காஜா எடுத்துக்கொடுத்த பிள்ளை. காஜாவும் கை ஊசி வேலையும் பெண்கள் செய்தால் நம் ஊரில் யாருக்கும் குறையில்லை. கத்தரியைத் தொட்டால்தான் முணுமுணுப்பு. "பொம்பளப் பிள்ளை எப்படிய்யா அளவெடுக்கும்?" என்று எங்கள் தெருப் பெரியவர் ஒருவர் என்னிடமே கேட்டார். எர்மெஸில் ஒரு பெண் பிடித்த கத்தரி இன்னொரு பெண்ணிடம் போயிருக்கிறது, இதை அவரிடம் எப்படிச் சொல்ல? அந்தத் தங்கச்சி அதற்கும் வழி வைத்திருந்தது. டேப் பிடிக்க ஒரு பையன். இது தள்ளி நின்று பார்த்து எழுதிக்கொள்ளும். முதல் நாள் பையன் என் இடுப்பைச் சுற்றிவிட்டு, "முப்பத்தாறுக்கா" என்றான். தலையை நிமிர்த்தாமலே பதில் வந்தது: "அண்ணன் மூச்சை இழுத்துப் பிடிச்சிருக்காரு. ஒண்ணு கூட்டு."

அப்புறம் அப்பாவின் அளவு நோட்டை எடுத்து விரித்தது. பழுப்பேறிய நீள நோட்டு, முதுகில் காக்கித் துணி ஒட்டியது. என் பக்கத்தில் இடுப்புக்கென்று ஒரு வரிசை: 1993-ல் 26, வேலைக்குச் சேர்ந்தபோது 29, கல்யாணத்துக்கு 31, மகள் பிறந்த பிறகு 34. சுயசரிதை எழுதினால்கூட இவ்வளவு நேர்மையாக எழுதியிருக்க மாட்டேன். ஓரத்தில் பென்சிலில் 'வ.தோ. ½ இற.' என்று இருந்தது. என்னவென்று கேட்டேன். வலது தோள் அரை இஞ்ச் இறக்கமாம். சாம்பிள் பையைத் தூக்கித் தூக்கி இறங்கிய தோள். என் மனைவிக்குக்கூடத் தெரியாது. மாஸ்டர் ஒருநாளும் என்னிடம் சொன்னதில்லை, சட்டையில் மட்டும் சரிக்கட்டியிருக்கிறார்.

அந்தப் பதினைந்து மாதத்தில் வேல்ஸ் பானர் இப்படியொரு நோட்டைத்தான் படிக்க வேண்டும் என்பது என் ஆசை. எர்மெஸில் அது நோட்டாக இருக்காது. எந்தத் தோல் எத்தனை வருஷத்தில் இளகும், எந்த வாடிக்கையாளர் எதற்காகத் திரும்ப வருகிறார் என்று பட்டறைக்காரர்கள் மனதில் இருக்கும். இவர் படிப்பார் என்று நம்பக் காரணமும் உண்டு. சொந்த லேபிளுக்கே லண்டனின் பழைய தையல் கடையான ஆண்டர்சன் அண்ட் ஷெப்பர்டோடு சேர்ந்து கோட்டு தைத்தவர், தேர்ந்த கைகளிடம் உட்கார்ந்து கற்கத் தெரிந்தவர். அதற்காக நிஷானியன் செய்ததையே இவரும் செய்ய வேண்டும் என்று நான் கேட்கவில்லை. எங்கள் தங்கச்சியும் அப்பா வைத்த காலரை வைப்பதில்லை. கூர்மையைக் குறைத்துவிட்டது, காலருக்குள் விறைப்புக்கு வைக்கும் பக்ரம் துணியையும் மெல்லிசாக்கிவிட்டது. முதல் சட்டையைப் பார்த்து எனக்குக் கோபம்கூட வந்தது. ஒரு மே மாதம் போட்டுத் திரிந்த பிறகு வாயை மூடிக்கொண்டேன்.

நேற்று இதையெல்லாம் சொல்லி, வேல்ஸ் பானர் படத்தை போனில் காட்டினேன். பெரிதாக்கிப் பார்த்தது. "நல்லா இருக்காங்க. கோட்டு தோள்ல நல்லா உக்காந்திருக்கு" என்றது. கொஞ்ச நேரம் கழித்து, "ஏண்ணே, பழைய அம்மா இவங்கட்ட எல்லாத்தையும் சொல்லிக்குடுத்துட்டுப் போவாங்களா, இல்ல இவங்களா கண்டுபிடிக்கணுமா?" என்று கேட்டது. தெரியலையே தங்கச்சி என்றேன்.

பையன் நேற்று லீவு. டேப்பைத் தானே எடுத்துக்கொண்டு வந்தது. நான் நிமிர்ந்து நின்றேன்.

"அண்ணே, மூச்ச விடுங்க."

விட்டேன். முப்பத்தெட்டரை என்று எழுதிக்கொண்டது.