ஆயில் லெவல் கரெக்டா இருந்துச்சாம்!

போன ஞாயிறு கொல்லிமலையில் இருந்து இறங்கிக்கொண்டிருந்தோம். சோளக்காட்டில் இருந்து காரவள்ளி வரை 70 கொண்டை ஊசி வளைவுகள். பின்னால் மனைவி, மடியில் அன்னாசிப் பழப் பை. பாதி மலை வந்ததும் முன் பிரேக் லிவர் பஞ்சு மாதிரி அமுங்கியது. அடுத்த வளைவில் ஹேண்டில்பாரோடு போய் ஒட்டிக்கொண்டது. வண்டி நிற்கிற பாடாக இல்லை. சடசடவென்று ஃபர்ஸ்ட் கியர் வரை இறக்கி, பின் பிரேக்கை மிதிமிதியென்று மிதித்து, பாறை ஓரமாக ஒதுக்கினேன். "ஏங்க, இங்க எதுக்கு நிறுத்துறீங்க?" என்றாள். எனக்குப் பேச்சு வரவில்லை.

முன் சக்கரத்து பிரேக் டிஸ்க் பக்கம் கையைக் கொண்டுபோனாலே அனல். கருகல் வாடை வேறு. நின்று விசாரித்த ஒரு புண்ணியவான் தண்ணீர் பாட்டிலைத் திறந்துகொண்டு குனிந்தார். "ஐயோ அண்ணே, ஊத்தாதீங்க!" கொதிக்கிற இரும்பில் பச்சைத் தண்ணீர் பட்டால் டிஸ்க் கோணிக்கொள்ளும். அரை மணி நேரம் சும்மா உட்கார்ந்தோம். ஆறியதும் லிவர் ஒன்றுமே நடக்காத மாதிரி கெட்டியாகிவிட்டது. இந்தக் கோளாறின் அயோக்கியத்தனமே இதுதான். கீழே கொண்டுபோய்க் காட்டினால் அமுக்கிப் பார்த்துவிட்டு "நல்லாத்தானே சார் இருக்கு" என்பார்கள்.

என் கோபமெல்லாம் மூன்று வாரத்துக்கு முன் வண்டி விட்ட சர்வீஸ் சென்டர் மேல்தான். ஜாப் கார்டில் என் கையாலேயே 'பிரேக் ஆயில் மாற்றவும்' என்று எழுதினேன். பில்லில் வாட்டர் வாஷ் உண்டு, பாலிஷ் உண்டு, 'பிரேக் சர்வீஸ்' என்றுகூட ஒரு வரி உண்டு. ஆயில்? லிவர் பக்கத்துச் சின்னக் கண்ணாடியில் பார்த்தால் டிகாஷன் நிறம். போன் போட்டுக் கேட்டேன். "லெவல் கரெக்டா இருந்துச்சு சார்."

லெவலாம்! பாத்திரம் நிறையப் பால் இருந்தால் அது திரியவில்லை என்று அர்த்தமா? பிரேக் ஆயில் காற்றில் இருக்கும் ஈரத்தை மெல்ல மெல்லக் குடிக்கும். புது டாட் 4 ரக பிரேக் ஆயில் 230 டிகிரி வரைக்குமாவது கொதிக்கக் கூடாது. 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்துவிட்டால் 155 டிகிரியிலேயே கொதித்துவிடலாம். கொதித்தால் குமிழி. அப்புறம் நீங்கள் எவ்வளவு அமுக்கினாலும் அமுங்குவது அந்தக் குமிழிதான், டிஸ்க்கைக் கவ்வுகிற பேடுக்கு அழுத்தம் போகாது. அதற்காகத்தான் இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மாற்றச் சொல்கிறார்கள். என் வண்டிக்கு வயது ஐந்து. "ஏபிஎஸ் இருக்கே சார்" என்று வேறு ஆறுதல். சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்க்கிற ஏபிஎஸ் வந்து ஆயிலை ஆற வைக்குமா?

சரி, என் தப்பும் உண்டு. தேர்ட் கியரில் லிவரைப் பிடித்த பிடி விடாமல் இறங்கினேன். ஏறின கியரிலேயே இறங்கு என்று அப்பா எத்தனை தடவை சொல்லியிருப்பார்! (பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் இறங்குகிறவர்களுக்கு நான் எவ்வளவோ தேவலை.)

திங்கட்கிழமை எங்கள் தெருமுனை மெக்கானிக் அண்ணன் பேடைப் பிடித்திருக்கும் கேலிப்பரைக் கழற்றினார். அது நகர உதவும் 'பின்' என்கிற உலோகக் கம்பி உள்ளே துருப்பிடித்து இறுகிக் கிடந்தது. நான் பிரேக்கை அமுக்காதபோதும் பேடு டிஸ்க்கை உரசிக்கொண்டே இருந்திருக்கிறது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, கிரீஸ் தடவி, சீல் பிரிக்காத புது டப்பாவில் இருந்து ஆயில் ஊற்றி, டியூபில் குமிழி வருவது நிற்கும் வரை ஏர் எடுத்தார். முக்கால் மணி நேர வேலை.

இன்று காலை சர்வீஸ் சென்டரில் இருந்து போன். "சர்வீஸ் திருப்தியா சார்? பத்துக்குப் பத்து போட்டுடுங்க." கொல்லிமலைக்கு ஒரு நாள் பின்னால் உட்கார்ந்து வாம்மா, இறங்கி வந்து போடுகிறேன் என்றேன். வைத்துவிட்டார்.