வாத்தியாருக்கு என்ன, லீவும் சம்பளமும்தானே?

ஆசிரியர்கள் போராட்டம் என்று ஒரு செய்தி வந்தால் போதும், அரை மணி நேரத்தில் வாட்ஸப் குழுவில் அந்தப் படம் வந்துவிடும். லட்ச ரூபாய் சம்பளம், வருஷத்தில் பாதி நாள் லீவு, சொந்தப் பிள்ளை மட்டும் மெட்ரிக் பள்ளியில். கீழே வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகள். 2003-இல் வேலைநிறுத்தம் செய்த அரசு ஊழியர்களையும் ஆசிரியர்களையும் லட்சத்துக்கும் மேலாக ஒரே வீச்சில் வேலைநீக்கம் செய்தபோது டீக்கடையில் கைதட்டியவர்கள் உண்டு. ஆசிரியர், அரசு ஊழியர் சங்கங்களின் கூட்டமைப்பான ஜாக்டோ-ஜியோ 2019 ஜனவரியில் நடத்திய போராட்டத்திலும் அதே வசனம்தான். கொரோனாவில் பள்ளிகள் மூடிக்கிடந்தபோது "வீட்டிலேயே உட்கார்ந்து சம்பளம்" என்று கூடுதலாக ஒரு வரி சேர்ந்தது.

என் அக்கா ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் இடைநிலை ஆசிரியை. அதனால் எனக்குப் பக்கச்சார்பு உண்டு, தெரிந்தே படியுங்கள்.

முதலில் அந்த லட்ச ரூபாய். 2009 மே 31 வரை பணியில் சேர்ந்த இடைநிலை ஆசிரியருக்கு அடிப்படை ஊதியம் 8,370 ரூபாய் என்று வைத்தார்கள். மறுநாள் முதல் சேர்ந்தவருக்கு 5,200. அதே படிப்பு, அதே வகுப்பு, அதே வேலை. ஊதியக் குழு மாறிய பிறகும் அந்த இடைவெளி கூடவே வந்தது. "சம வேலைக்குச் சம ஊதியம்" என்று நுங்கம்பாக்கம் கல்வி வளாகத்தில் அவ்வப்போது உட்காருகிறார்களே, அவர்கள் கேட்பது இதைத்தான். ஓவியம், தையல், உடற்கல்விக்கென்று 2012-இல் எடுத்த பகுதிநேர ஆசிரியர்களுக்குத் தொடக்கத்தில் மாதம் 5,000 ரூபாய். இவர்கள் யாரும் அந்தப் படத்தில் வருவதில்லை.

சரி, சம்பளத்தை விடுங்கள். வேலைக்கு வருவோம்.

அக்காவின் பள்ளி ஈராசிரியர் பள்ளி. கல்வி உரிமைச் சட்டப்படி அறுபது பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர் போதும். சட்டம் தலையை எண்ணுகிறது, வகுப்பை எண்ணவில்லை. ஐந்து வகுப்பு, இரண்டு பேர். தலைமையாசிரியர் நான்கையும் ஐந்தையும் வைத்துக்கொள்வார். ஒன்று, இரண்டு, மூன்றாம் வகுப்புகள் அக்காவிடம், ஒரே அறையில். அடிப்படை வாசிப்பும் கணக்கும் கற்றுத்தரும் எண்ணும் எழுத்தும் திட்டம் 2022-இல் வந்த பிறகு பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்து உட்கார வைக்கிறார்கள். நல்ல யோசனைதான், அக்காவே சொல்கிறாள். ஆனால் அரும்புக்கு எழுத்து சொல்லிக்கொடுக்கும்போது மொட்டும் மலரும் தானாகப் பயிற்சி நூலைச் செய்துகொண்டிருக்க வேண்டும். ஏழு வயதுப் பிள்ளை தானாக எவ்வளவு நேரம் செய்யும்? வீட்டில் ஒரு பிள்ளையை வீட்டுப்பாடத்துக்கு உட்கார வைத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

தலைமையாசிரியர் கூட்டத்துக்குப் போய்விட்டால் ஐந்து வகுப்பும் அக்கா தலையில். அவர் அடிக்கடி போக வேண்டியிருக்கிறது.

அந்த அறையில் செங்கல் சூளைக்குப் போகும் குடும்பத்துப் பிள்ளைகள் சிலர் உண்டு. தை கழிந்ததும் காணாமல் போவார்கள். அக்கா போன் போட்டுக் கேட்பாள், "அங்க பக்கத்துல இருக்கிற பள்ளிக்கூடத்துக்காவது அனுப்புங்கம்மா" என்பாள். ஜூனில் திரும்பி வரும்போது 'க'வும் 'ச'வும் குழம்பியிருக்கும். மறுபடி முதலிலிருந்து. ஒன்றாம் வகுப்புப் பிள்ளை ஒற்றெழுத்தைச் சேர்த்து "பட்டம்" என்று தானாக வாசிக்கும் நாள் ஒன்று வரும். அதற்கு முன்னால் எத்தனை மாதம் அந்த ஒரு இடத்திலேயே தடுக்கி நின்றது என்பது எந்தத் தேர்ச்சி விழுக்காட்டிலும் வராது. பத்தாம் வகுப்பு முடிவு வந்தால் பேனர் வைக்கிறோம், அந்தப் பேனரில் ஒன்றாம் வகுப்பு டீச்சர் இருக்கமாட்டார்.

இதற்கு நடுவில் எமிஸ், அதாவது பள்ளி விவரங்களை ஏற்றும் கல்வித்துறையின் இணையதளம். வருகைப்பதிவு, மதிப்பீடு, எல்லாம் செயலியில். நெட் இல்லாவிட்டால் போனைத் தூக்கிக்கொண்டு வேப்பமரத்தடிக்கு நடக்க வேண்டும். மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் தவிர வேறு எதற்கும் ஆசிரியரை அனுப்பக் கூடாது என்று அதே கல்வி உரிமைச் சட்டத்தின் 27-ஆம் பிரிவு சொல்கிறது. அந்தத் "தேர்தல்" என்ற வார்த்தைக்குள் எவ்வளவு வேண்டுமானாலும் அடங்கும். 2025 நவம்பரில் வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தம் நடந்தபோது வீடு வீடாகப் படிவத்தோடு நின்றவர்களில் ஆசிரியர்கள் எத்தனையோ பேர். அந்த மாதம் அவர்களுடைய வகுப்பு என்ன ஆனது என்று யாராவது கேட்டோமா?

ஆசிரியர்களில் மோசமானவர்களே இல்லை என்று சொல்லவரவில்லை. பத்தரைக்கு வந்து மூன்றரைக்குப் பையைத் தூக்குபவர், பள்ளி நேரத்தில் வட்டிக்கணக்கு பார்ப்பவர், சாதி பார்த்துப் பிள்ளையைப் பின்னால் உட்கார வைப்பவர், எல்லாரும் இருக்கிறார்கள். பிள்ளை மேல் கை வைப்பவன் விஷயத்தில் சங்கமும் சரி, ஊரும் சரி, சமரசம் பேசவே கூடாது, நேரே போக்சோதான். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளில் பலருக்கு இரண்டாம் வகுப்புப் பாடம் வாசிக்க வரவில்லை என்று பிள்ளைகளின் கற்றலை ஆய்வு செய்யும் அசர் அறிக்கை சொல்கிறதே, அதையும் பொய் என்று தள்ள முடியாது. சொந்தப் பிள்ளையை எங்கே சேர்த்திருக்கிறீர்கள் என்ற கேள்வியும் நியாயமான கேள்விதான். அதை எம்எல்ஏவிடமும் கலெக்டரிடமும் சேர்த்துக் கேளுங்கள், அவ்வளவுதான் நான் கேட்பது.

எனக்குக் கோபம் வருவது இன்னொரு வாதத்தில். "தனியார் பள்ளியில் பத்தாயிரத்துக்கு இதைவிட நன்றாகச் சொல்லித்தருகிறார்கள்" என்பது. பி.எட் முடித்த ஒரு பெண்ணைப் பத்தாயிரத்துக்கு வேலை வாங்குவது வெட்கப்பட வேண்டிய விஷயம். அதை எடுத்து இன்னொரு ஆசிரியரை அடிக்கும் கம்பாக்குகிறோம். அந்தப் பள்ளியின் ரிசல்ட்டில் பாதி மாலை டியூஷனில் அப்பா கட்டிய காசு. சூளைக்குப் போகும் பிள்ளையை அங்கே யாரும் சேர்ப்பதும் இல்லை.

உங்கள் ஊர் வாத்தியார் சரியில்லையா? சொல்லுங்கள், ஆனால் சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லுங்கள். பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர்தான் இருக்க வேண்டும், அதுவும் சட்டம். அங்கே போய், இன்னார் இத்தனை மணிக்கு வருகிறார் என்று நேருக்கு நேர் கேட்கலாம். மூன்றாவது ஆசிரியர் வேண்டும் என்று தீர்மானமும் போடலாம். அக்கா பள்ளியில் கூட்டத்துக்கு வருபவர்கள் எல்லாம் அம்மாக்கள். அப்பாக்களை வாட்ஸப் குழுவில் பார்க்கலாம்.