எல்லா போல்ட்டுக்கும் காப்பர் பேஸ்ட் சரிவராது

"காப்பர் ஆன்ட்டி-சீஸ் (போல்ட் இறுகிப் பிடித்துக்கொள்ளாமல் இருக்க மரையில் தடவும் பேஸ்ட்) ஒரு டப்பா போதும், எந்த போல்ட்டிலும் தடவலாம், டார்க் (போல்ட்டை இறுக்கும் முறுக்கு விசை) அளவை மாற்ற வேண்டாம்" என்று சொல்வது பாதிதான் சரி. எக்ஸாஸ்ட் (புகைக்குழாய்) போல்ட்டின் சூட்டைக் காப்பர் தாங்கும். ஸ்டெயின்லெஸ் போல்ட் என்றால் நிக்கல் வகைதான் நல்லது. பிரேக் கேலிப்பர் (பிரேக் பேடை அழுத்தும் பாகம்) நகர்வதற்கான ஸ்லைடு பின்னுக்கு இரண்டுமே வேண்டாம். பேஸ்ட்டில் உள்ள எண்ணெய் பட்டு, பின்னை மூடும் ரப்பர் பூட் (உறை) உப்பிவிடும், அதற்கு சிலிகான் கிரீஸ்.

ஆனால் டார்க் விஷயம்தான் உண்மையான ஆபத்து. கையேட்டில் இருக்கும் அளவு பெரும்பாலும் காய்ந்த மரைக்கானது. பேஸ்ட் தடவினால் உராய்வு குறைந்துவிடும். டார்க் ரென்ச் அதே 100 நியூட்டன் மீட்டரில் 'டக்' என்றாலும் உள்ளே போல்ட் அதிகமாக இழுபட்டிருக்கும். வீல் ஸ்டட் (சக்கரத்தைப் பிடிக்கும் போல்ட்) நீண்டு, ஒருநாள் முறியக்கூட வாய்ப்பு உண்டு. கையேடு வேறுவிதமாகச் சொல்லாதவரை, வீல் ஸ்டட்டின் மரையைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து உலர்வாகவே மாட்டுங்கள். சக்கரம் ஹப்போடு (சக்கரம் மாட்டும் நடுப்பாகம்) ஒட்டிக்கொள்கிறதா? அப்படியானால் ஹப்பின் நடு விளிம்பில் மட்டும் மெல்லிசாக ஒரு பூச்சு போதும்.